மலையடிவாரக் கோடுகள்: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதியில் மண்டலம் வகுத்தலும் அதன் விளைவுகளும்

நிலத்தின் ஒரு பகுதிக்கு எல்லை கட்டி, அந்த எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் விதிகளை அரசு வகுக்கும்போது அது மண்டலம் ஆகிறது. காப்புக்காடு, சரணாலயம், புலிகள் காப்பகம், சிறப்புப் பொருளாதார மண்டலம், உயர் பாதுகாப்பு வலயம், புவிசார் குறியீடு பெற்ற ஊர் ஆகியவற்றின் நோக்கங்கள் வேறு வேறானவை, உத்தி ஒன்றுதான். இந்த உத்தியைச் சுற்றி ஏறத்தாழ 140 ஆண்டுகளாக ஒரு கேள்வி நிற்கிறது: கோடு போடுவதால் உள்ளே இருப்பது காக்கப்படுகிறதா? காக்கப்படுமானால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்?

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை ஒட்டி இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் இந்தக் கேள்வியை ஆராயத் தகுந்த இடங்கள். இங்கே ஒரே மலையின் மேல் பல கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துள்ளன. மலையின் கீழே, எந்தக் கோடும் இல்லாமல் வளர்ந்த தொழில் நகரம் ஒன்றும், பெயரைச் சுற்றிக் கோடு போட்டுக்கொண்ட கோயில் நகரம் ஒன்றும் இருக்கின்றன.

ஒரே மலை, பல அடுக்குகள்

ஆங்கிலேயர் காலத்துக்கு முன்பும் பின்பும் இம்மலைச் சரிவின் பல பகுதிகள் சேத்தூர், சாப்டூர் போன்ற ஜமீன்களின் வசம் இருந்தன. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் அவற்றை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன. 1988இல் சுமார் 485 சதுர கிலோமீட்டர் காடு சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடக்கே தேனி மாவட்டத்தில் 2012இல் மேகமலை வன உயிரினச் சரணாலயம் அமைந்தது. அதே 2012இல் யுனெஸ்கோ மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை உலக இயற்கை மரபுச் சின்னமாக அறிவித்தபோது, ஸ்ரீவில்லிபுத்தூர் சரணாலயமும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. யானைகள் காப்பகம் என்ற பெயரும் இப்பகுதிக்கு உண்டு.

2021 பிப்ரவரியில் இரு சரணாலயங்களும் அவற்றை ஒட்டிய காடுகளும் இணைக்கப்பட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. இது நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகம், தமிழ்நாட்டில் ஐந்தாவது. மொத்தப் பரப்பு சுமார் 1,016 சதுர கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 641 சதுர கிலோமீட்டர் மையப்பகுதி, 374 சதுர கிலோமீட்டர் வெளிவட்டப் பகுதி. மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தோடு இது தொடர்ந்து கிடக்கிறது. வைகை உற்பத்தியாகும் வருசநாடு, மேகமலைக் காடுகளைக் காப்பதும் இந்த அறிவிப்பின் முக்கிய நோக்கமாகச் சொல்லப்பட்டது.

ஆக, மலையேறும் ஒருவர் ஒரே பாறையில் நின்றபடி காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் புலிகள் காப்பகத்திலும் உலக மரபுச் சின்னத்திலும் ஒரே நேரத்தில் நிற்கிறார். ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனிச் சட்டம் அல்லது நெறிமுறை உண்டு. அவை ஒவ்வொன்றும் மேற்சொன்ன பழைய கேள்விக்கு ஒரு காலகட்டம் தந்த விடை.

முதல் விடை: காடு அரசின் சொத்து

1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் உருவானபோது இரு கருத்துகள் மோதின. ஆங்கிலேய அரசின் அதிகாரியான பேடன்-பவல், காடு முழுவதும் அரசுக்கே உரியது, மக்களின் பயன்பாடு அரசு தரும் சலுகை மட்டுமே என்று வாதிட்டார். வனத்துறைத் தலைவராக இருந்த டீட்ரிச் பிராண்டிஸ், அரசுக் காடுகளோடு கிராமங்களுக்கென்று தனிக் காடுகளும் வேண்டும் என்றார். சட்டம் பெரிதும் முன்னவரின் பக்கம் சாய்ந்தது. சென்னை மாகாண வருவாய் வாரியம் அந்தச் சட்டத்தை ஏற்கத் தயங்கியது. கிராமத்தார் காட்டைப் பயன்படுத்திவருவது சலுகையன்று, உரிமையே என்று அது கருதியது. இந்தத் தயக்கத்தின் விளைவாகவே 1882இல் சென்னை மாகாணத்துக்குத் தனி வனச் சட்டம் பிறந்தது.

உரிமை கோருவோரை அழைத்து விசாரித்து, அதன்பின் காப்புக்காடாக அறிவிக்கும் நடைமுறை அச்சட்டத்தில் இருந்தது. ஆனால் எழுத்தறிவும் பத்திரமும் கேட்ட விசாரணையில், பருவத்துக்குப் பருவம் இடம் மாறி வாழ்ந்த மலைவாழ் மக்கள் தங்கள் உரிமையை நிறுவுவது அரிதாகவே இருந்தது. எல்லைக் கற்கள் நடப்பட்ட பின் விறகு, தழை, மேய்ச்சல் ஆகியவை வழக்கும் அபராதமும் ஆயின. 1910களில் அரசு ஒரு குழு அமைத்து மக்களின் குறைகளைக் கேட்டதும், பின்னர் சில காடுகளை வனப் பஞ்சாயத்துகளிடம் விட்டதும், முதல் விடை முழுமையானதன்று என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு நிகர். ஆயினும் அந்த விடைக்கு ஒரு பலம் உண்டு: காப்புக்காடு என்ற பழைய கோடு இல்லாதிருந்தால் பின்னாளில் சரணாலயம் ஆக்க இவ்வளவு தொடர்ச்சியான காடு எஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

இரண்டாம் விடை: தொந்தரவில்லாத மையம்

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1973இல் தொடங்கிய புலிகள் பாதுகாப்புத் திட்டமும் காட்டைப் பார்க்கும் கண்ணை மாற்றின. மரத்தின் வருவாய்க்காகக் காத்த காடு, உயிரினத்துக்காகக் காக்கும் காடு ஆனது. 2006ஆம் ஆண்டுத் திருத்தம், மனிதத் தொந்தரவில்லாத மையப்பகுதி ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் வேண்டும் என்றது. புலி போன்ற விலங்குக்குப் பெரும் பரப்பும் தடையற்ற வழித்தடமும் தேவை என்ற உயிரியல் காரணம் இதன் அடிப்படை. தமிழ்நாட்டில் 2018 கணக்கெடுப்பில் 264 ஆக இருந்த புலிகளின் எண்ணிக்கை 2022இல் 306 ஆக உயர்ந்திருப்பதை இவ்விடையின் ஆதரவாளர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். ஒரு மாநிலத்தின் மொத்த எண்ணிக்கையை ஒரு கொள்கையின் பலனாக மட்டும் கொள்வது சரியன்று. என்றாலும் புறக்கணிக்கத்தக்க சான்றுமன்று.

இவ்விடையின் எல்லை எங்கே என்பதைச் சரணாலயத்துக்குப் பெயர் தந்த சாம்பல் நிற அணிலே காட்டுகிறது. நரைத்த வாலும், வீட்டு அணிலைவிடப் பல மடங்கு பெரிய உடலும் கொண்ட இந்த அணில் தரையில் இறங்குவதைக் கூடியவரை தவிர்க்கும். ஒரு மரத்தின் கிளை அடுத்த மரத்தின் கிளையைத் தொடும் இடத்தில்தான் கூடு கட்டும். ஆபத்து வந்தால் அந்தக் கிளைவழியே அடுத்த மரத்துக்குத் தாவிவிடும். அதற்குக் காடு என்பது விடுபடாத கிளைத் தொடர். செண்பகத்தோப்பு போன்ற இடங்களில் இந்தத் தொடர் ஓடைக்கரை மரங்களோடு நின்றுவிடுவதில்லை. எல்லையைக் கடந்து பட்டா நிலத்து மா, புளி, தென்னை மரங்கள் வரை நீள்கிறது. அணில் எங்கிருந்தாலும் சட்டம் அதைக் காக்கிறது. ஆனால் அது தாவிச்செல்லும் தோப்பு மரம் எல்லைக்கு வெளியே இருந்தால், அதை வெட்டுவது பெரிதும் உரிமையாளரின் விருப்பம். தோப்பு வீட்டுமனை ஆனால் கிளைத் தொடர் அறுகிறது. சரணாலயத்தின் பரப்பு ஓர் அங்குலமும் குறையாமலே அணிலின் வாழிடம் சுருங்குகிறது.

யானை விஷயத்தில் இதே சிக்கல் எதிர்த்திசையில் நிகழ்கிறது. ராஜபாளையம், சேத்தூர், தேவதானம் அடிவாரத் தோப்புகளில் யானைகள் இறங்கித் தென்னங்குருத்தையும் வாழையையும் தின்கின்றன. இரவோடு இரவாகப் பல ஆண்டு உழைப்பு சாய்ந்துவிடுகிறது. ஒருவர் சூரிய மின்வேலி போட்டால் யானை வேலி இல்லாத அடுத்த தோப்புக்குப் போகிறது. இழப்பீடு உண்டு, ஆனால் காய்க்கத் தொடங்கிய தென்னையின் மதிப்பை அது ஈடு செய்வதில்லை என்பது விவசாயிகளின் நெடுநாள் குறை. காட்டின் பயன் ஊருக்கெல்லாம் பொதுவாகவும், அதன் சேதம் எல்லையோரத்துச் சிலருக்கு மட்டுமாகவும் விழுவது இரண்டாம் விடையின் தீராத பலவீனம்.

மூன்றாம் விடை: உரிமையே காவல்

செண்பகத்தோப்பு, அய்யனார்கோவில், தாணிப்பாறை ஆகிய அடிவாரப் பகுதிகளில் பளியர் குடியிருப்புகள் உள்ளன. தேன், கல்பாசி, நன்னாரி, கடுக்காய் போன்ற சிறு வனப்பொருள் சேகரிப்பு அவர்களின் மரபுத் தொழில். இத்தகைய மக்களைக் காட்டின் ஆக்கிரமிப்பாளர்களாக நடத்தியது வரலாற்று அநீதி என்று முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13க்கு முன் காட்டு நிலத்தைச் சார்ந்து வாழ்ந்த பழங்குடியினருக்குத் தனிநபர் உரிமையும் சமூக உரிமையும் அது தருகிறது. உரிமைகளை அங்கீகரித்து முடிக்காமல், கிராம சபையின் இசைவு பெறாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது.

தமிழ்நாட்டில் இச்சட்டம் தாமதமாகவே உயிர்பெற்றது. அது நடைமுறைக்கு வரச் சில நாள்களே இருந்த 2007 டிசம்பர் இறுதியில் களக்காடு–முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை ஆகிய மூன்று காப்பகங்களின் மையப்பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 2008இல் சென்னை உயர் நீதிமன்றம் தன் அனுமதியின்றி உரிமைப் பட்டா வழங்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவிட்டது. 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் அந்தத் தடை நீங்கியது. எட்டு ஆண்டுகள் என்பது ஒரு குழந்தை பள்ளியில் சேர்ந்து எட்டாம் வகுப்பை முடிக்கும் காலம்.

உரிமை வாதத்தின் மையக் கருத்து, காட்டைச் சார்ந்து வாழ்பவரே அதன் சிறந்த காவலர் என்பது. வேட்டைத் தடுப்புக் காவலர்களாகப் பழங்குடியினர் ஆற்றும் பணி இதற்கு ஓரளவு துணை நிற்கிறது. பெரியாறு காப்பகத்தில் 1990களின் பிற்பகுதியில், திருட்டுத்தனமாக மரப்பட்டை எடுத்துவந்தவர்களே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாற்றப்பட்டது இந்தியா முழுவதும் பேசப்பட்ட முயற்சி. ஆனால் அக்காப்பகத்தின் சுற்றுலா வருவாய் மிகுந்த தேக்கடியில் பலித்தது, அவ்வளவு பயணிகள் வராத ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரிவில் அப்படியே பலிக்கும் என்று கொள்ள இயலாது.

உரிமை யாருக்கு என்பதிலும் தெளிவின்மை நீடிக்கிறது. மலைமாடு மேய்ப்பவர்கள் நல்ல எடுத்துக்காட்டு. மழைக்காலத்தில் மாடுகள் மலையேறும். அறுவடை முடிந்ததும் சமவெளி வயல்களில் கிடை போடும். ஓர் இரவுக் கிடைக்கு நிலத்துக்காரர் தரும் கூலியும், அந்த இரவில் நிலம் பெறும் சாணமும் கோமியமும் மலையையும் வயலையும் ஒரே பொருளாதாரமாகக் கட்டின. 2022 மார்ச்சில், மேகமலை தொடர்பான வழக்கில், காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் அதே மாதத்தில் தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் எனச் சுருக்கியது. நோய் பரவுதலும் மான் இனங்களின் தீவனம் குறைதலும் தடைக்கு ஆதரவான காரணங்கள். கிடையும் நாட்டு மாட்டினமும் அழியும் என்பது எதிர்வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. மேய்ச்சலின் அளவு எதுவரை காடு தாங்கும் என்ற அளவீட்டு ஆய்வு ஒவ்வொரு மலைக்கும் தனித்தனியே தேவைப்படுகிறது.

நான்காம் விடை: ஒரே கோட்டுக்குப் பதில் படிப்படியான கோடுகள்

கடுமையான ஒற்றை எல்லைக்கு மாற்றாக, உள்ளிருந்து வெளியே விதிகள் படிப்படியாகத் தளரும் மண்டலங்களை வகுக்கலாம் என்பது நான்காம் கருத்து. 2011இல் அறிக்கை தந்த மாதவ் காட்கில் குழு, மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதையும் மூன்று நிலை உணர்திறன் மண்டலங்களாகப் பிரித்து, முடிவுகளைக் கிராம சபைகளோடு சேர்ந்து எடுக்கப் பரிந்துரைத்தது. 2013இல் கஸ்தூரிரங்கன் குழு இயற்கை நிலப்பரப்பையும் மனிதர் வாழும் நிலப்பரப்பையும் பிரித்து, மலைத்தொடரின் மொத்தப் பரப்பில் சுமார் 37 சதவீதமான இயற்கை நிலப்பரப்பை மட்டும் பாதுகாக்கச் சொன்னது. முதலாவது பரந்தது என்பதால் எதிர்ப்பைச் சந்தித்தது. இரண்டாவது, தோட்டமும் தோப்பும் சூழலின் பகுதியல்ல என்பது போல் விட்டுவிட்டது என்று விமர்சிக்கப்பட்டது. சாம்பல் நிற அணிலின் கணக்கில் பார்த்தால் இந்த விமர்சனம் வலுவானது. 2014 முதல் வரைவு அறிவிக்கைகள் மீண்டும் மீண்டும் வெளியாகின்றன. ஆறாவது வரைவு, வயநாட்டு நிலச்சரிவுக்கு மறுநாள், 2024 ஜூலை 31 அன்று வந்தது.

2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு சரணாலயத்தையும் தேசியப் பூங்காவையும் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேண்டும் என்றது; 2023 ஏப்ரலில் அந்த ஒரே அளவு எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்று உத்தரவைத் தளர்த்தியது. பல நூற்றாண்டுகளாகத் தோப்பும் குடியிருப்பும் மலையடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஊர்களுக்கு இந்தத் தளர்வு நிம்மதி. குவாரிக்கும் மனைப்பிரிவுக்கும் அதே தளர்வு வாய்ப்பு. படிப்படியான மண்டலம் கோட்பாட்டில் மிக நியாயமானது. அதை நடத்திக் காட்ட வனத்துறை, வருவாய்த் துறை, ஊராட்சி மூன்றும் ஒரே மேசையில் அமர வேண்டும். அது அரிதாகவே நிகழ்கிறது.

பொருளாதார மண்டலங்கள்: காப்பதற்கன்றி வளர்ப்பதற்கு

காட்டைக் காக்கக் கோடு போடுவது போலவே தொழிலை வளர்க்கவும் கோடு போடலாம் என்ற எண்ணம் 1959இல் அயர்லாந்தின் ஷானனிலும், 1965இல் ஆசியாவின் முதல் ஏற்றுமதி மண்டலமான குஜராத்தின் காண்ட்லாவிலும், 1980இல் சீனாவின் ஷென்சென்னிலும் வடிவம் பெற்றது. இந்தியாவின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் 2005இல் வந்தது. வரிச்சலுகையும் தயாரான உள்கட்டமைப்பும் முதலீட்டை ஈர்க்கும் என்பது ஆதரவாளர் கருத்து. எப்படியும் வந்திருக்கும் முதலீடு இடம் மட்டும் மாறுகிறது, நிலம் இழந்தவருக்கு வேலை உறுதியில்லை என்பது மறுப்பு. அறிவிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கடந்தும் பெரும்பகுதி நிலம் எதிர்பார்த்த தொழில்களைக் காணாத நாங்குநேரி, மறுப்பாளர் காட்டும் உதாரணம்.

ராஜபாளையம் இந்த விவாதத்துக்கு வேறு கோணம் தருகிறது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸுக்கும் அதன்பின் பெருகிய நூற்பாலைகளுக்கும் எந்த மண்டலச் சலுகையும் அடித்தளம் இல்லை. கரிசல் பருத்தி, ரயில் பாதை, ஊர்க்காரரின் சொந்த முதலீடு ஆகியவையே வித்து. அருகிலுள்ள சத்திரப்பட்டியின் தறிகள் மருத்துவக் கட்டுத்துணியில் தேர்ந்ததும் இப்படித்தான். இன்று அதே மாவட்டத்தில், சாத்தூர் பக்கம் இ.குமாரலிங்கபுரத்தில், 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமைகிறது. 2023இல் அறிவிக்கப்பட்ட ஏழு பூங்காக்களுள் ஒன்று. தானாக வளர்ந்த தொழில் கூட்டம் இந்தப் பூங்காவால் வலுப்பெறுமா, அல்லது சிறு தறிக்காரர்களிடமிருந்து ஆர்டரும் ஆளும் பூங்காவுக்கு நகருமா என்பதை இன்னும் சில ஆண்டுகள் கழித்தே மதிப்பிட முடியும்.

நிலத்தில் வேலி போடாமல் பெயரைச் சுற்றி எல்லை கட்டும் மண்டலமும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அகன்ற சட்டியில் பாலும் சர்க்கரையும் சேர்த்து, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே சுண்டவைப்பதுதான் இதன் முறை. ஆண்டாள் கோயிலைச் சுற்றிய தெருக்களில் இத்தொழில் நிலைத்திருக்கிறது. இம்மண்டலம் யாரையும் நிலத்திலிருந்து அகற்றவில்லை என்பது அதன் தனிச்சிறப்பு. ஆனால் பெயரின் மதிப்பு கடைக்காரருக்குச் சேரும் அளவு பால் கறப்பவருக்குச் சேர்கிறதா என்பது இங்கும் எழும் கேள்வி. வெளியூரில் அதே பெயரில் விற்கும் சரக்கைத் தடுக்கக் குறியீடு மட்டும் போதாது. தொடர்ந்து கண்காணிக்க ஆளும் செலவும் வேண்டும்.

மோதலும் இடப்பெயர்வும்

மண்டலக் கோடு மிகக் கடுமையாக உணரப்படுவது மனிதர் இடம்பெயரும்போது. ராஜபாளையத்துக்குத் தெற்கே மாஞ்சோலையில், 1929இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகையின் முடிவு நெருங்க, களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் அமைந்த தேயிலைத் தோட்டம் 2024இல் மூடப்பட்டது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒன்றாக இழக்கும் நிலைக்கு ஆளாயினர். காடு மீள்வது நல்லதே. ஆனால் கொழுந்து பறித்த கைகளுக்குச் சமவெளியில் என்ன வேலை என்ற கேள்விக்குக் காட்டுச் சட்டத்தில் விடை இல்லை. அதே ஆண்டு ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், நாடெங்கும் மையப்பகுதிகளில் உள்ள 591 கிராமங்களின் 64,801 குடும்பங்களை இடமாற்றும் பணியை விரைவுபடுத்துமாறு மாநிலங்களுக்கு எழுதியது. சட்டப்படி இடமாற்றம் விருப்பத்தின்பேரில் நிகழ வேண்டும். சாலை, மின்சாரம், பள்ளி மறுக்கப்பட்ட இடத்திலிருந்து வெளியேறச் சம்மதிப்பது எவ்வளவு தூரம் விருப்பம் என்பதே சர்ச்சை.

போர்க்கால மண்டலம் இன்னும் கொடியது. இலங்கை உள்நாட்டுப் போரின்போது யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 1990 முதல் மக்கள் வெளியேற்றப்பட்டு உயர் பாதுகாப்பு வலயம் அமைந்தது. போர் முடிந்த 2009க்குப் பிறகும் நிலம் தவணை தவணையாகவே திரும்பியது; மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் விடுவிக்கப்பட்டது. அந்தப் போரில் கடல் கடந்த தமிழர்களுக்கான முகாம்கள் விருதுநகர் மாவட்டத்திலும் உள்ளன. அகதிகள் முகாம் என்ற பெயர் 2021இல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது. குடியுரிமைச் சிக்கல் மாறவில்லை. ஒரு வலயத்தால் ஊரை இழந்தவர்கள், இன்னொரு நாட்டில் முகாம் என்ற வலயத்துக்குள் மூன்றாம் தலைமுறையைக் காண்கிறார்கள். ஒருமுறை போட்ட கோடு, போட்ட காரணம் மறைந்தபின்னும் தானாக அழியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தற்காலிக நுழைவும் மோதலுக்கு உரியதே. தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு ஆடி அமாவாசையில் பெருங்கூட்டம் ஏறுகிறது. 2015 மே மாதத் திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்த பின் மலையேறும் நாள்களும் நேரமும் கட்டுப்படுத்தப்பட்டன. வழிபாட்டு உரிமை, உயிர்ப் பாதுகாப்பு, காட்டின் அமைதி ஆகிய மூன்றும் ஒரே பாதையில் சந்திக்கும்போது எந்தச் சட்டமும் மூன்றையும் முழுமையாக நிறைவு செய்வதில்லை.

மதிப்பீடு

மேற்கண்ட விடைகளில் எதுவும் முற்றிலும் தவறானதன்று. எதுவும் தனித்து நிற்கவும் இல்லை. அரசுரிமை காட்டின் பரப்பைக் காத்தது, உரிமைகளை அழித்தது. மையப்பகுதிக் கொள்கை பெருவிலங்குகளுக்கு இடம் தந்தது, எல்லையோரத்தாரை மறந்தது. உரிமைச் சட்டம் அநீதியை ஒப்புக்கொண்டது, நடைமுறையில் பின்தங்கியது. படிப்படியான மண்டலம் நுட்பமானது, நிர்வாகத்தில் வலுவற்றது. பொருளாதார மண்டலம் வேகம் தரலாம், பங்கீட்டை உறுதி செய்வதில்லை.

இவை அனைத்திலும் பொதுவாகத் தெரிவது ஒன்று: கோடு எங்கே விழுகிறது என்பதைவிட, கோடு விழுமுன் யாரிடம் கேட்கப்பட்டது, விழுந்தபின் பயனும் சேதமும் எப்படிப் பகிரப்படுகின்றன என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. ராஜபாளையத்தின் குடிநீருக்கு அய்யனார்கோவில் மலையின் ஓடைகளும் அவை நிரப்பும் ஆறாவது மைல் நீர்த்தேக்கமும் ஆதாரம். வத்திராயிருப்பு வயல்களுக்குப் பிளவக்கல் அணைகள் ஆதாரம். காடு காக்கப்படுவதால் குழாயில் வரும் நீரை நகரம் பெறுகிறது. அந்தக் காட்டுக்காக மேய்ச்சலை இழந்தவரும் தென்னையை இழந்தவரும் வேறு ஊர்க்காரர். இவ்விரு கணக்கையும் இணைக்கும் ஏற்பாடு இதுவரை உருவாகவில்லை.

திறந்திருக்கும் கேள்விகள் சில. புலிகள் காப்பகத்துக்குள் பளியரின் சமூக உரிமைகள் எந்த அளவுக்கு அங்கீகரிக்கப்படும்? பட்டா நிலத்துத் தோப்புகளை, உரிமையாளருக்கு இழப்பில்லாமல், அணிலின் வாழிடமாகத் தொடரவைக்க வழி உண்டா? ஸ்ரீவில்லிபுத்தூர் விவசாயிகள் நெடுங்காலமாகக் கேட்டுவரும் அழகர் அணைத் திட்டம் போன்ற நீர்த்தேவைகளைக் காப்பக விதிகளோடு எப்படி எடைபோடுவது? மழைப் பருவம் மாறிவரும் காலத்தில், 1988இலும் 2021இலும் வரைந்த எல்லைகள் விலங்குகளின் நகர்வுக்கு இனியும் பொருந்துமா? இவற்றுக்கான விடைகள் புதிய கோடுகளிலிருந்து வருவதைவிட, இருக்கும் கோடுகளின் இருபுறமும் வாழ்வோருக்கிடையே ஏற்படும் உடன்பாடுகளிலிருந்து வரும் வாய்ப்பே கூடுதல் என்று இதுவரையான அனுபவம் காட்டுகிறது.